காட்டு பார்லி, வயல் பார்லி: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

புற்களின் காய்ந்த கதிர்களை அட்டையில் ஒட்டி வைத்திருப்பவன் நான். பார்க்க வருகிறவர்கள் நெல்லையும் கோதுமையையும் வேகமாகக் கடந்துவிட்டு, பார்லி அட்டைகளிடம் வந்ததும் நின்றுவிடுவார்கள். "இதுவும் பார்லியா? இதுவுமா?" என்று ஆரம்பிக்கும். ஒரே சந்தேகங்களுக்குப் பல தடவை பதில் சொல்லியாகிவிட்டதால் இங்கே சேர்த்து எழுதுகிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

1. பார்லியும் வாற்கோதுமையும் ஒண்ணுதானா?

ஒன்றேதான். வாற்கோதுமை என்பதைப் பிரித்தால் வால் கோதுமை. ஒவ்வொரு மணியின் உமி நுனியிலிருந்தும் நீளமாக ஒரு முள்மயிர் கிளம்பும், அதுதான் அந்த வால். மீசை வைத்த கோதுமை ரகங்களும் உண்டு, ஆனால் பார்லியில் அது கண்ணைப் பறிக்கும். இந்தப் பக்கம் முழுக்க அதை மீசை என்றே சொல்லப் போகிறேன். பார்லியின் கதையில் பாதி அந்த மீசையில்தான் இருக்கிறது.

2. அப்போ "காட்டு பார்லி"ன்னு நீங்க சொல்றது எதை?

குழப்பம் தொடங்கும் இடமே இதுதான். இந்தச் சொல்லை இரண்டு பொருளில் பயன்படுத்துகிறார்கள். குறுகிய பொருளில், நாம் விதைக்கும் பார்லியின் நேரடி மூதாதையான ஒரே ஒரு புல். அறிவியல் பெயர் ஹோர்டியம் ஸ்பாண்டேனியம். விரிந்த பொருளில், ஹோர்டியம் என்ற பேரினத்தில் உள்ள எல்லாக் காட்டுப் புற்களும். அந்தப் பேரினத்தில் முப்பதுக்குக் கொஞ்சம் அதிகமான சிற்றினங்கள் இருக்கின்றன. அவற்றில் இன்று உலகமெங்கும் பயிராகியிருப்பது ஒன்றுதான், ஹோர்டியம் வல்கேர்.

இனி கீழே "காட்டு பார்லி" என்று எழுதினால் அந்த மூதாதையைச் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை "பார்லிப் புற்கள்" என்கிறேன். இதைப் பிரித்துக்கொள்ளாமல் படித்தால், ஒருவர் காட்டு பார்லி மத்தியக் கிழக்கில் மட்டும் இருக்கிறது என்பார், இன்னொருவர் தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள படகோனியாவில் பார்த்தேன் என்பார். இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

3. வழியில பாக்குற ஏதோ ஒரு புல்லை வச்சு, இது பார்லி வகைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மீசையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது பல புற்களுக்கு உண்டு. கதிரைக் கையில் எடுத்து, நடுத்தண்டைக் கொஞ்சம் வளைத்து, ஒரு கணுவை மட்டும் பாருங்கள். அந்தக் கணுவிலிருந்து மூன்று சிறுகதிர்கள் பக்கம் பக்கமாகக் கிளம்பும். நடுவில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று. ஒவ்வொரு சிறுகதிரிலும் ஒரே ஒரு பூ. அடுத்த கணுவில் இதே மூன்று எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கும். கணுவுக்கு மூன்று, மூன்றிலும் ஒவ்வொரு பூ என்றால் அது பார்லிக் குடும்பம். கோதுமையில் கணுவுக்கு ஒரே சிறுகதிர், அதற்குள் பல பூக்கள்.

பெரும்பாலான காட்டு இனங்களில் அந்த மூன்றில் நடுவில் இருப்பது மட்டும்தான் மணி வைக்கும். பக்கத்து இரண்டும் மெலிந்து, சில இனங்களில் வெறும் முள்ளாகச் சுருங்கியிருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று இருந்தால் போதும். எனக்கு முதல் தடவை இதைக் காட்டியவர் ஒரு குண்டூசியால் பக்கத்துச் சிறுகதிரை மெல்ல விலக்கிக் காட்டினார். அதற்குப் பிறகு எந்தப் புல்லைப் பார்த்தாலும் கணுவைத்தான் எண்ணுகிறேன்.

4. இரண்டு வரிசை பார்லி, ஆறு வரிசை பார்லின்னு சொல்றாங்களே, ரெண்டும் வேற வேற இனமா?

இல்லை. 1753-இல் லின்னேயஸ் இவற்றுக்குத் தனித்தனி இனப் பெயர்தான் வைத்தார். அந்தப் பெயர்கள் பழைய புத்தகங்களில் இன்னும் இருக்கின்றன. இன்று எல்லாமே ஹோர்டியம் வல்கேர்தான்.

மேலே சொன்ன மூன்று சிறுகதிர்களை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருப்பது மட்டும் மணி வைத்தால், தண்டின் இரு பக்கமும் ஒவ்வொரு வரிசை, மொத்தம் இரண்டு. மூன்றுமே மணி வைத்தால் பக்கத்துக்கு மூன்று வரிசை, மொத்தம் ஆறு. காட்டு பார்லி இரண்டு வரிசைக்காரன். ஆறு வரிசை என்பது வயலுக்கு வந்த பிறகு மனிதன் கண்டெடுத்துக் காப்பாற்றிய மாற்றம். பக்கத்துச் சிறுகதிர்களை வளரவிடாமல் தடுக்கும் மரபணு ஒன்று இருக்கிறது, அதற்கு விஆர்எஸ்1 என்று பெயர். அது கெட்டுப்போனால் தடை நீங்கிவிடும். 2007-இல் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது, இந்தக் கெடுதல் ஒரே தடவை நடந்ததல்ல, தனித்தனியாகப் பல தடவை நடந்திருக்கிறது என்று தெரிந்தது.

5. வயல் பார்லிக்கும் அதோட காட்டு மூதாதைக்கும் பார்த்தா தெரியுற வித்தியாசம் என்ன?

தூரத்திலிருந்து பார்த்தால் பெரிதாக இல்லை. காட்டு பார்லி கொஞ்சம் மெலிவு, மணி சிறிசு, மீசை முரடு. தொட்டால்தான் வித்தியாசம். என்னிடம் இரண்டு கதிரும் இருக்கின்றன. வயல் பார்லிக் கதிரை மேசையில் தட்டினால் ஒன்றும் ஆகாது. மணியைப் பிரிக்க அடிக்க வேண்டும், தேய்க்க வேண்டும். காட்டு பார்லியின் முற்றிய கதிரை அட்டையில் ஒட்டவே முடியவில்லை. பசையைத் தொட்டு வைப்பதற்குள் உச்சியிலிருந்து கணு கணுவாகக் கழன்று விழுந்துவிட்டது. கடைசியில் ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு வைத்தேன். இப்போது அது கதிராக இல்லை, ஒரு பிடி அம்பு முனைகளாக இருக்கிறது.

அம்பு முனை என்று சும்மா சொல்லவில்லை. கழன்று விழும் ஒவ்வொரு துண்டும் மூன்று சிறுகதிர்த் தொகுதி: நடுவில் மணி, பக்கத்தில் இரண்டு பதர், கீழே கூரான தண்டுத் துண்டு, மேலே நீண்ட மீசை. கூர் முனை கீழே பார்த்தபடி மண்ணின் வெடிப்பில் சொருகிக்கொள்ளும். மீசையிலும் அடித்துண்டிலும் உள்ள ரோமங்கள் பின்னோக்கி விடாது. காட்டில் இது தன்னைத்தானே விதைத்துக்கொள்ளும் ஏற்பாடு. அறுவடை செய்ய வருகிறவனுக்கு இதுவே பெரிய நஷ்டம், பாதி மணி தரையில் கிடக்கும். கதிர் உதிராமல் நிற்கும் செடிதான் வீட்டுக்கு வந்தது, அதுதான் மறுபடி விதைக்கப்பட்டது. பார்லி பயிரான கதை இந்தக் கழலும் கணுவில் இருக்கிறது.

6. காட்டு பார்லிக்குச் சொந்த மண் எது?

பிறை வடிவில் ஒரு நிலப்பரப்பை வரைந்துகொள்ளுங்கள். இஸ்ரேல், பாலஸ்தீனம், ஜோர்டானில் தொடங்கி, லெபனான், சிரியா வழியாக மேலேறி, துருக்கியின் தென்கிழக்கைத் தொட்டு, வட ஈராக், மேற்கு ஈரானின் சாக்ரோஸ் மலையடிவாரம் வரை இறங்கும். வளமான பிறைநிலம் என்று வரலாற்றுப் புத்தகங்கள் சொல்லும் இடம் இதுதான். இங்கேதான் அது ஆள் விதைக்காமலே வயல் போல அடர்ந்து நிற்கும்.

இந்த மையத்துக்கு வெளியேயும் உண்டு. கிழக்கே துர்க்மெனிஸ்தான், உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான், ஆப்கானிஸ்தான் வரை சிதறலாக இருக்கிறது. மேற்கே சைப்ரஸ், கிரீட், லிபியாவின் கிழக்குக் கரை, மொராக்கோ என்று அங்கொன்றும் இங்கொன்றுமாக. ஓரத்தில் உள்ள சில கூட்டங்கள் பழங்காலத்திலிருந்தே இருப்பவையா, பயிரோடு களையாகப் போய்ச் சேர்ந்தவையா என்று இன்றும் வாதம் நடக்கிறது.

7. அந்தப் பகுதியில எந்த மாதிரி இடத்துல முளைக்கும்? மலையிலயா, பாலைவனத்துலயா?

இரண்டிலும், ஆனால் கடுங்குளிரில் மட்டும் இல்லை. கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கும் சாக்கடல் பள்ளத்தாக்கிலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரம் வரை காணலாம். அதற்கு மேல் அரிது. காட்டுக் கோதுமைகளோடு ஒப்பிட்டால் குளிரை இது தாங்காது, வறட்சியை அவற்றை விட நன்றாகத் தாங்கும்.

மையப் பகுதியில் இதன் வீடு, ஓக் மரங்கள் இடைவெளி விட்டு நிற்கும் புல்வெளிச் சரிவு. பாலைப் பக்கம் போனால் வறண்ட ஓடைப் படுகைகளில், மழைநீர் வந்து தங்கும் இடங்களில் மட்டும். ஆள் நடமாட்டம் உள்ள இடமும் அதற்குப் பிடிக்கும்: வயல் வரப்பு, சாலையோரம், பழைய கல்சுவர் இடிபாடு.

இஸ்ரேலின் கார்மல் மலையில் எவியாதார் நெவோ என்ற ஆய்வாளர் பல்லாண்டு பார்த்த ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. இரு சரிவுகளுக்கும் இடையே கீழே நூறு மீட்டர்தான், மேலே நானூறு மீட்டர். ஒரு சரிவு தெற்கு நோக்கி வெயிலில் வறுபடும், எதிர்ச்சரிவு வடக்கு நோக்கி நிழலும் ஈரமுமாக இருக்கும். இரண்டிலும் காட்டு பார்லி உண்டு, ஆனால் மரபணு அளவில் இரு சரிவின் செடிகளும் வேறுபடுகின்றன. ஒரு கல் எறியும் தூரத்தில் இப்படி! ஒரு செடியின் வாழிடம் என்றால் நாட்டின் பெயரைச் சொன்னால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

வாழ்க்கைச் சுழற்சியும் அந்தத் தட்பவெப்பத்துக்கு அளந்து வெட்டியது. இலையுதிர்கால முதல் மழைக்கு முளைக்கும், குளிர்காலம் முழுக்கத் தூர் கட்டும், வசந்தத்தில் பகல் நீளும்போது பூக்கும், கோடை வரும் முன் மணியை உதிர்த்துவிட்டுச் சாகும். மணி கோடை முழுக்க உறங்கிக் கிடக்கும். இடையில் ஒரு தூறல் விழுந்தாலும் ஏமாந்து முளைத்துவிடாது.

8. முதல்ல யார் இதைப் பயிராக்கினாங்க? ஒரே இடத்துலதானா?

சாப்பிடத் தொடங்கியது பயிராக்கியதற்கு வெகுமுன். கலிலேயக் கடலின் கரையில் ஒஹாலோ என்ற இடத்தில், சுமார் 23,000 ஆண்டுகளுக்கு முந்தைய குடியிருப்பில் காட்டு பார்லி மணிகள் கிடைத்தன. ஓர் அரைகல்லில் அதன் மாவுத்துகளும் ஒட்டியிருந்தது. உதிராத கதிர் கொண்ட பார்லி வருவது அதற்குப் பிறகு பல ஆயிரம் ஆண்டுகள் கழித்து, இன்றைக்குச் சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்.

ஒரே இடமா என்றால், இல்லை என்பதற்குச் சான்று அந்தக் கணுவிலேயே இருக்கிறது (5-ஆம் கேள்வி). கதிர் உதிர்வதற்கு பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். ஏதாவது ஒன்று கெட்டாலே கதிர் உதிராது. 2015-இல் வெளியான ஆய்வில், இன்றைய வயல் பார்லிகள் இரண்டு கட்சியாகப் பிரிவது தெரிந்தது. ஒரு கட்சியில் முதல் மரபணு கெட்டிருக்கிறது, மறு கட்சியில் இரண்டாவது. அதாவது உதிராத கதிரை மனிதர்கள் குறைந்தது இரண்டு தடவை, இரண்டு இடத்தில் கண்டெடுத்திருக்கிறார்கள். அதன் பிறகு வயல்களுக்கு அருகில் நின்ற காட்டுச் செடிகளோடு கலப்பும் நடந்திருக்கிறது. ஆகவே "பார்லி பிறந்த ஊர்" என்று ஒற்றைப் புள்ளியை வரைபடத்தில் குத்த முடியாது.

சாக்கடல் ஓரம் மசாடாவுக்கு அருகே யோராம் குகையில் கிடைத்த 6,000 ஆண்டுப் பழைய மணிகளின் மரபுத்தொகுதியை 2016-இல் படித்தார்கள். வறண்ட காற்றில் கெடாமல் கிடந்தவை. அவை அதே வட்டாரத்தில் இன்று பயிராகும் நாட்டு பார்லிகளை ஒத்திருந்தன.

9. எத்தியோப்பியாதான் பிறப்பிடம்னு ஒரு புத்தகத்துல படிச்சேன். திபெத்துன்னு இன்னொண்ணு சொல்லுது. எது சரி?

இரண்டும் அந்தந்தக் காலத்தில் நியாயமான சந்தேகங்களே. ரஷ்ய ஆய்வாளர் நிகோலாய் வாவிலோவ், ஒரு பயிரின் ரகங்கள் எங்கே மிக அதிகமோ அங்கேதான் அது பிறந்திருக்கும் என்று கணக்குப் போட்டார். எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் பார்லி ரகங்கள் கொட்டிக் கிடந்தன. ஆனால் காட்டு பார்லி அங்கே இயற்கையாக இல்லை. பயிர் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே பலவிதமாகப் பெருகியது என்பதே இன்றைய முடிவு. இதனால் எத்தியோப்பியா மதிப்பிழந்துவிடவில்லை. சாம்பல் நோயைத் தடுக்கும் எம்எல்ஓ என்ற மரபணு மாற்றத்தின் இயற்கை வடிவம் எத்தியோப்பிய நாட்டு ரகங்களிலிருந்துதான் வந்தது. ஐரோப்பிய வயல்களில் பல ரகங்கள் அதை நம்பித்தான் நிற்கின்றன.

திபெத் கதை வேறு. 1938-இல் அங்கிருந்து வந்த ஒரு பார்லிக்கு ஹோர்டியம் அக்ரியோகிரிதான் என்று பெயர் வைத்தார்கள். ஆறு வரிசை, அதே சமயம் கதிர் உதிரும். ஆஹா, ஆறு வரிசைப் பார்லியின் காட்டு மூதாதை கிடைத்துவிட்டது என்று ஒரு பரபரப்பு. பிறகு பார்த்தால், உதிராத பயிரும் உதிரும் செடியும் கலந்தால் இப்படி ஒன்று எளிதாகப் பிறக்கும். மேலே சொன்ன இரண்டு கட்சிப் பயிர்களைத் தங்களுக்குள் கலந்தாலே போதும், ஒன்றில் கெட்டது மற்றதில் நன்றாக இருப்பதால் பிள்ளையின் கதிர் மறுபடி உதிரத் தொடங்கிவிடும்! எனவே அதைத் தனி மூதாதையாக இப்போது பெரும்பாலோர் ஏற்பதில்லை.

10. மூதாதைக்குக் குளிர் ஆகாதுன்னா, பயிர் மட்டும் எப்படி ஆர்க்டிக் பக்கம் வரைக்கும் போச்சு?

நல்ல கேள்வி, இதைக் கேட்பவர்கள் குறைவு. காட்டு பார்லிக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. குளிர்காலம் ஒன்றைக் கடந்தால்தான் பூக்கும், பகல் நீண்டவுடன் அவசரமாகப் பூக்கும். பிறைநிலத்தில் இது சரி. வடக்கே போனால் இரண்டுமே தொல்லை.

பயிரில் இந்த இரண்டு பூட்டுகளும் உடைந்த செடிகள் தோன்றின. குளிரைக் கேட்காத செடியை உறைபனி முடிந்தபின் வசந்தத்தில் விதைக்கலாம். நீண்ட பகலுக்கு அவசரப்படாத செடி, வடக்கின் ஈரமான நீண்ட கோடையை முழுதாகப் பயன்படுத்தித் தாமதமாகப் பூக்கும். இப்படித்தான் நார்வேயில் ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டியும், திபெத்தில் 4,000 மீட்டருக்கு மேலும் பார்லி வயல்கள் இருக்கின்றன. மூதாதை தன் பிறையை விட்டு அதிகம் நகரவில்லை. பிள்ளை உலகம் சுற்றிவிட்டது.

11. மத்த முப்பது இனமும் எங்கதான் இருக்கு?

குளிர்மிதப் பகுதிகள் அனைத்திலும் என்று சொல்லலாம், ஆஸ்திரேலியாவைத் தவிர. அங்கே இருப்பவை எல்லாம் வந்தேறிகள். வெப்பமண்டலத் தாழ்நிலத்தில் எதுவும் சொந்தமாக இல்லை. குவாத்தமாலாவிலும் ஆண்டிஸிலும் இருப்பவை மலை உயரத்தில் குளிரைத் தேடிப் போனவை.

கீழே வரும் பெயர்களுக்கெல்லாம் முன்னால் ஹோர்டியம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். மத்தியதரைக் கடலைச் சுற்றி மூன்று பேர் முக்கியம். சுவரோரப் பார்லியான மியூரினம், கடலோரப் பார்லியான மரைனம், அடியில் குமிழ் வைக்கும் புல்போசம். முதலிரண்டும் ஒரு பருவச் செடிகள், மூன்றாவது பல்லாண்டு வாழும். மேற்கு ஐரோப்பாவின் ஈரப் புல்வெளிகளிலும் கரையோர மேய்ச்சல் சதுப்புகளிலும் செகாலினம்.

ஆசியாவின் நடுப்பகுதிக்குப் போனால் பிரெவிசபுலாட்டம், பொக்டானி, ரோஷெவிட்ஸி. துருக்கியிலிருந்து மங்கோலியா, வட சீனா வரை, ஆற்றங்கரைப் புல்வெளி, உப்புப் பூத்த தாழ்நிலம், ஏரிக்கரை என்று பரவிக் கிடப்பவை. இவை எல்லாம் பல்லாண்டுப் புற்கள், மாடும் குதிரையும் மேய்பவை.

வட அமெரிக்காவில் மேற்குக் கரையோரம் கலிபோர்னியா முதல் அலாஸ்கா வரையும், கடல் தாண்டி கம்சாத்காவிலும் பிராக்கியாந்தெரம். கலிபோர்னியாவில் மழைக்காலத்தில் மட்டும் நீர் நிற்கும் குட்டைகளை நம்பி டெப்ரெஸ்ஸம், இன்டெர்செடென்ஸ் என்ற இரண்டு குட்டிப் பார்லிகள். குட்டை நிரம்பி, வற்றி, வெடிப்பதற்குள் அவற்றின் ஆயுள் முடிந்துவிடும். சமவெளி முழுக்கச் சின்னப் பார்லியான புசில்லம், உப்புத் தரைகளில் ஜுபாட்டம்.

ஆனால் எண்ணிக்கையில் யாரும் எதிர்பார்க்காத இடம்தான் முதலிடம்: தென் அமெரிக்கா. பேரினத்தில் ஏறத்தாழப் பாதி இனங்கள் அங்கேதான், அதிலும் அர்ஜென்டினா, சிலி, படகோனியாப் பக்கம். ஆண்டிஸின் உச்சி ஈரநிலங்களில் மியூட்டிகம், காற்றடிக்கும் வறண்ட மேட்டில் கோமோசம், பாம்பாஸ் புல்வெளியில் யூக்ளாஸ்டன், கண்டத்தின் கடைக்கோடியான டியேரா டெல் ஃபுயேகோவில் ஃபுயேகியானம். கடைசியாகத் தென்னாப்பிரிக்காவில் தன்னந்தனியாக ஒரே ஒரு இனம், கேப்பென்ஸ்.

12. தென் அமெரிக்காவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் அது எப்படிப் போச்சு? யாராவது கொண்டு போனாங்களா?

மனிதன் இல்லை, அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே போய்விட்டது. மரபணு ஒப்பீடுகளின்படி பேரினத்தின் பழைய கிளைகள் யூரேசியாவின் மேற்கில். ஆசியக் கிளையிலிருந்து அமெரிக்கக் கண்டங்களுக்குப் போய், தென் அமெரிக்காவில் குறுகிய காலத்தில், அதாவது புவியியல் கணக்கில் குறுகிய காலத்தில், வேகமாகப் பல இனங்களாகப் பிரிந்திருக்கின்றன. கேப்பென்ஸுக்கு நெருங்கிய சொந்தம் பக்கத்தில் யாரும் இல்லை, ஐரோப்பாவின் செகாலினம்தான். நடுவே மொத்த ஆப்பிரிக்காவும் கிடக்கிறது!

வழி என்ன என்று கேட்டால் பெரும்பாலும் பறவையைக் கைகாட்டுகிறார்கள். இரண்டும் ஈரப் புல்வெளிச் செடிகள், வலசைப் பறவைகள் இறங்கும் இடங்கள். 5-இல் சொன்ன அம்பு முனை இறகில் சிக்கினால் எளிதில் விழாது. நேரில் பார்த்த சாட்சி இல்லைதான், ஆனால் என் சட்டையிலிருந்து அதைப் பிடுங்கிய அனுபவத்தில் எனக்கு நம்பக் கஷ்டமாக இல்லை.

13. நீங்க சொல்ற இடமெல்லாம் உப்பு மண், ஏரிக்கரைன்னே வருதே, ஏன்?

கவனித்துவிட்டீர்கள். நல்ல மண்ணில் உயரமான புற்கள் இவற்றை நெருக்கிவிடும். உப்பு இருக்கும் இடம், நீர் நின்று வற்றும் இடம், கிளறிப்போட்ட இடம், இங்கெல்லாம் போட்டி குறைவு. பார்லிப் புற்கள் பலவும் அந்த இடைவெளிகளில் பிழைப்பு நடத்துபவை. கடலோர மரைனம், இலைக்குள் உப்பு ஏறுவதைக் கட்டுப்படுத்துவதோடு, வேரில் காற்று போகும் இடைவெளி வைத்து நீர் தேங்கினாலும் சமாளிக்கிறது. வயல் பார்லியே தானியப் பயிர்களில் உப்பை நன்றாகத் தாங்குவது. குடும்பக் குணம் என்றே சொல்லலாம்.

14. எங்க நாய் காதுல ஒரு புல்லு முள் உள்ள போயிடுச்சு. டாக்டர் "பார்லிப் புல்"னாரு. பயிர்ப் பார்லியா அது?

பெரும்பாலும் மியூரினம், 11-இல் சொன்ன சுவரோரப் பார்லி. நடைபாதை ஓரம், சுவரடி, காலி மனை எங்கும் வரும். குழந்தைகள் இதன் கதிரைச் சட்டைக் கைக்குள் தலைகீழாகச் சொருகிவிட்டுக் கையை ஆட்டுவார்கள். கதிர் தானாகத் தோள்வரை ஏறிவிடும். மீசையின் பற்கள் ஒரே திசையில் சாய்ந்திருப்பதால் ஒவ்வொரு அசைவும் அதை முன்னேதான் தள்ளும், பின்னே விடாது. சட்டையில் விளையாட்டு, நாயின் காதிலும் மூக்கிலும் விரலிடுக்கிலும் வேதனை. உடனே காட்டியது நல்லது. வீட்டிலேயே பிடித்து இழுத்தால் பாதி உடைந்து உள்ளே தங்கிவிடும்.

ஆஸ்திரேலியாவில் இது பெரிய களை. ஆட்டின் கண்ணையும் தோலையும் துளைக்கிறது, கம்பளியில் சிக்கி அதன் தரத்தைக் கெடுக்கிறது. கதிர் வரும் முன் இளசாக இருக்கையில் அதே ஆடுகள் இதை விரும்பி மேயும் என்பது வேடிக்கை.

15. வெள்ளி மயிர் மாதிரி அழகா ஆடுற ஒரு புல்லைத் தோட்டத்துக்கு விக்கிறாங்க. அதுவும் பார்லியா?

ஆம், ஜுபாட்டம். அணில் வால் போல இருக்கும். வட அமெரிக்காவும் கிழக்கு சைபீரியாவும் அதற்குச் சொந்தம். மீசை 5 செ.மீ.க்கும் மேல் நீளும், இளஞ்சிவப்பாகத் தொடங்கி வெள்ளியாகும். வெயில் சாயும் நேரத்தில் பார்த்தால் யாருக்கும் வாங்கத் தோன்றும். முற்றியதும் உதிர்ந்து காற்றில் போகும், மேயும் மாட்டின் வாயைப் புண்ணாக்கும். கால்நடை உள்ள இடத்தில் நடாதீர்கள், மற்ற இடத்தில் நிறம் வெளுக்கும் முன் கதிரை வெட்டிவிடுங்கள்.

16. குமிழ் பார்லின்னா வெங்காயம் மாதிரி இருக்குமா?

அவ்வளவு பெரிதில்லை. புல்போசத்தின் தண்டு, மண்ணை ஒட்டிய இடத்தில் சின்ன வெங்காயம் அளவுக்கு வீங்கியிருக்கும். கோடையில் மேலே எல்லாம் காய்ந்தாலும் அந்தக் குமிழ் உயிரோடு இருந்து, மழை வந்ததும் துளிர்க்கும். மத்தியதரைக் கடற்பகுதி முதல் மத்திய ஆசியா வரை இதன் இடம்.

பயிர் வளர்ப்பவர்களுக்கு இது வேறொரு காரணத்துக்காகச் செல்லப்பிள்ளை. வயல் பார்லியின் பூவில் புல்போசத்தின் மகரந்தத்தைப் போட்டால் கரு உருவாகும். ஆனால் சில நாட்களில் புல்போசத்தின் குரோமோசோம்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்விடும். மிஞ்சுவது பார்லியின் ஏழு மட்டும், அதாவது பாதி. அந்தக் கருவை எடுத்து வளர்த்து, கோல்சிசின் மருந்தால் ஏழைப் பதினான்காக்கினால், எல்லா மரபணுவும் இரு பக்கமும் ஒன்றாக அமைந்த செடி ஒரே தலைமுறையில் கிடைக்கும். சாதாரணமாக இதற்குப் பல தலைமுறை ஆகும். கனடாவில் காஷா, காவ் இருவரும் 1970-இல் இதை வெளியிட்டார்கள்.

17. காட்டுப் புல்லோட நல்ல குணத்தைப் பயிருக்கு மாத்த முடியுமா? எல்லாத்தோடயும் சேருமா?

சேராது. மூன்று வட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்வட்டத்தில் காட்டு பார்லி, பயிரோடு தாராளமாகச் சேரும், பிள்ளைகளும் விதை வைக்கும். நடுவட்டத்தில் புல்போசம் மட்டும். 16-இல் சொன்ன விலகல் ஒரு பக்கம் இருந்தாலும், சில சமயம் துண்டுகள் ஒட்டிக்கொள்ளும். பார்லி மஞ்சள் தேமல் வைரஸைத் தடுக்கும் மரபணுக்கள் இப்படி அதிலிருந்து வந்திருக்கின்றன. வெளிவட்டத்தில் மற்ற எல்லோரும். கலந்தாலும் பிள்ளை மலடுதான், ஆய்வகத்தில் கருவைக் காப்பாற்றுவதே பெரும்பாடு.

ஆச்சரியமாக, சிலியின் சிலென்ஸ் என்ற பார்லிப் புல் தன் குடும்பப் பயிரை விடக் கோதுமையோடு நன்றாகச் சேர்ந்தது. ஸ்பெயினில் அதையும் மக்ரோனிக் கோதுமையையும் கலந்து டிரிட்டோர்டியம் என்ற புதுத் தானியமே உருவாக்கிவிட்டார்கள்.

18. வேற எந்தப் பார்லிப் புல்லையும் யாரும் பயிரிட்டதே இல்லையா?

பயிரிட்டதற்குத் தடயம் உள்ள ஒன்று உண்டு: புசில்லம். ஐரோப்பியர் வருவதற்கு முன் வட அமெரிக்கப் பழங்குடிகள் இந்தச் சின்னப் பார்லியைச் சேர்த்துவைத்துச் சாப்பிட்டார்கள். அரிசோனாவின் பழைய ஹோஹோகம் குடியிருப்புகளில் உமி ஒட்டாத மணிகளும் கிடைத்திருக்கின்றன. காட்டில் அப்படி இருக்காது, மனிதக் கை பட்டதற்கு அது அடையாளம். பிறகு அந்தப் பயிர் கைவிடப்பட்டது. புல் மட்டும் சாலையோரத்தில் இன்றும் இருக்கிறது, அதன் பழைய கௌரவம் தெரியாமல் களைக்கொல்லி அடிக்கிறார்கள்.

19. ஒரு இடத்துல "ஹோர்டியம் ஸ்பாண்டேனியம்", இன்னொரு இடத்துல "ஹோர்டியம் வல்கேர் துணையினம் ஸ்பாண்டேனியம்". எதை எழுதணும்?

இரண்டும் ஒரே செடி. தனி இனமாக 19-ஆம் நூற்றாண்டில் பெயர் வைத்தவர் கார்ல் கோக். பயிரோடு தடையில்லாமல் சேர்வதால் (17) இரண்டையும் ஒரே இனமாக்கித் துணையினம் என்று எழுதுவது இன்று பரவலான வழக்கம். நான் அட்டையில் இரண்டாவது முறையில் எழுதுகிறேன், பேச்சில் முதல் முறையில் சொல்கிறேன். தேடும்போது இரண்டையும் போட்டுத் தேடுங்கள், இல்லாவிட்டால் பாதித் தகவல் விட்டுப்போகும்.

20. காட்டு பார்லி அழிஞ்சு போயிடுமா?

இனமாக உடனே அழியும் நிலை இல்லை, களை போலச் சாலையோரத்திலும் பிழைப்பது அது. அழிவது கூட்டங்கள். 7-இல் சொன்னபடி ஒவ்வொரு சரிவிலும் வேறு மாதிரி இருப்பதால், ஒரு ஓடைப்படுகை கட்டடமாகிவிட்டால் அங்கே மட்டும் இருந்த குணம் போய்விடும். பக்கத்து மலையில் அதே புல் ஆடிக்கொண்டிருக்கும், இழப்பு யார் கண்ணுக்கும் தெரியாது.

விதை வங்கிகள் இதற்காகத்தான். சிரியாவில் அலெப்போ அருகே டெல் ஹத்யாவில், வறண்ட நில விவசாயத்தை ஆராயும் இக்கார்டா நிறுவனத்தின் வங்கியில் பார்லியும் அதன் காட்டுச் சொந்தங்களும் பெரும் தொகுப்பாக இருந்தன. போர் முற்றும் முன்பே நகல்களை நார்வேயின் ஸ்வால்பார்ட் உறைபனிப் பெட்டகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். 2015-இல் அந்த விதைகளைத் திரும்ப எடுத்து, லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கினார்கள். ஸ்வால்பார்ட் பெட்டகத்திலிருந்து யாரும் விதை எடுத்தது அதுவே முதல் தடவை. 2017-இல் புதிதாக விளைந்த விதைகளை மறுபடி அங்கே கொண்டுபோய் வைக்கத் தொடங்கினார்கள்.